செல்ஃப் எடுக்கவில்லையா? முதலில் விளக்கைப் பாருங்கள்!

விடியற்காலை ஐந்தரை மணி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் ஒரு வீடு. வாசலில் கார் நிற்கிறது. பின் ஸீட்டில் என் அண்ணி மடியில் ஒரு பையுடன் உட்கார்ந்திருந்தாள். பையில் ஒரு போர்வை, மாத்திரை டப்பா, அளந்து ஊற்றிய அரைத் தம்ளர் தண்ணீர். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததால் வாரத்தில் மூன்று நாள் செங்கல்பட்டுக்குப் போய் டயாலிஸிஸ் செய்துகொள்கிறாள். திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். 7 மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். அவளுக்கு 4 மணி நேரம். அது முடிந்ததும் அதே மிஷினுக்கு இன்னொரு நோயாளி காத்திருப்பார். தாமதமாகப் போனால் அவருக்கும் சங்கடம், இவளுக்கும் சங்கடம்.

ஸ்டியரிங் முன்னால் என் அண்ணன் மகள். சாவியைத் திருப்பினாள்.

"டிக்!"

அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். மறுபடியும் ஒரே ஒரு "டிக்!"

"போன மாசந்தான் புது பாட்டரி போட்டேன், அத்தை!" என்றாள், அழாத குறையாக.

உண்மைதான். போன மாதம் இதே மாதிரி வண்டி மக்கர் செய்தபோது, பட்டறையில் "பாட்டரி போச்சு" என்றார்கள். மாற்றினாள். இரண்டு வாரம் சமர்த்தாக ஓடியது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி! "அப்படின்னா செல்ஃப் மோட்டாரையே மாத்தணும்" என்று ஒரு பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். மாதாமாதம் மருந்துக்கே கையைப் பிசைகிற குடும்பத்தில் அந்தத் தொகைக்கு எங்கே போவது?

இதற்குள் வாசலில் ஆலோசனைச் சபை கூடிவிட்டது. "நாலு பேர் தள்ளினா கிளம்பிடும்" என்றார் பால்காரர். "பெட்ரோல் இருக்கான்னு பாருங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். "சகுனம் சரியில்லே" என்றாள் பூக்காரி. மோட்டார் கார் நின்றுபோனால் அதற்கு வைத்தியம் சொல்லத் தெரியாதவர் உலகத்தில் யாருமில்லை!

அண்ணன் மகள் மட்டும் ஒரு நல்ல காரியம் செய்தாள். செங்கல்பட்டில் கார் எலெக்ட்ரிக் வேலை செய்யும் பெரியவர் ஒருவரின் டெலிபோன் நம்பர் அவளிடம் இருந்தது. கூப்பிட்டாள். பிறகு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். இந்த வாரக் கட்டுரையின் சாரமே அதில்தான் இருக்கிறது.

"ஐயா, வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க."

"ஆகலைன்னா எப்படிம்மா? சத்தம் வருதா, வரலையா?"

"ஒரே ஒரு தடவை 'டிக்'குனு வருது. அப்புறம் ஒண்ணுமில்லே."

"முன்விளக்கைப் போடு. வெளிச்சம் சுவர் மேலே விழுதா? யாரையாவது ஓரமா நின்னு அதைப் பார்க்கச் சொல்லு. இப்போ சாவியைத் திருப்பு. வெளிச்சம் மங்குதா, அணையுதா, அப்படியே நிக்குதா?"

நான் ஓரமாய் நின்று பார்த்தேன். காம்பவுண்டுச் சுவரில் வெளிச்சம் பளீரென்று விழுந்தது. "டிக்!" சத்தம் கேட்டது. வெளிச்சம் இம்மியும் மங்கவில்லை. சொன்னோம்.

"அப்போ பாட்டரி மேலே பழி போடாதீங்க. டிக்கியிலே ஜம்பர் கேபிள் இருக்கா?"

"இருக்குங்க."

"கறுப்பு ஒயரை மட்டும் எடும்மா. சிவப்பைத் தொடாதே. ஒரு முனையைப் பாட்டரியோட மைனஸிலே கவ்வ வை. இன்னொரு முனையை என்ஜினிலே, பெயிண்ட் இல்லாத கெட்டியான இரும்பா பார்த்துக் கவ்வ வை. பெல்ட், ஃபேன் பக்கம் ஒயர் போகக் கூடாது. கியர் நியூட்ரலிலே இருக்கட்டும். ஹாண்ட் பிரேக் போட்டாச்சா? இப்போ திருப்பு."

திருப்பினாள். வண்டி ஒன்றுமே நடக்காதது போல உறுமிக்கொண்டு கிளம்பியது!

"ஒயரைக் கழட்டி வச்சுட்டு நேரா வந்துடும்மா. வழியிலே எங்கேயும் நிறுத்தி அணைச்சுடாதே. இது கைவைத்தியந்தான். அம்மாவை உள்ளே அனுப்பிட்டு வண்டியை இங்கே கொண்டா."

7 மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அண்ணி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிவிட்டாள்.

பெரியவரின் பள்ளிக்கூடம்

எங்களுக்கு 4 மணி நேரம் இருந்தது. பெரியவரின் கடை மிகச் சிறியது. சுவரெல்லாம் ஒயர்ச் சுருள்கள். மூலையில் நாலைந்து பாட்டரிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. சிறு பிள்ளையாக ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாஸடர் கார்களில் தொழில் கற்றவராம். ஹெரால்டு வேறெங்கோ செய்த வண்டி என்று நினைக்காதீர்கள். 1961 முதல் 1971 வரை இதே ஜில்லாவின் வடக்குப் பகுதியில், பெருங்களத்தூர் - வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்யப்பட்டதுதான். அதே 1961-இல்தான் செல்ஃப் மோட்டார், டைனமோ போன்ற காரின் மின்சார உறுப்புகளைச் செய்வதற்கென்று லூகாஸ்-டி.வி.எஸ். கம்பெனி ஏற்பட்டது. அதன் தொழிற்சாலை சென்னையில், பாடியில் இருக்கிறது. ஆக, செங்கல்பட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் காரும் பிறந்தது, அதை எழுப்பும் மோட்டாரும் பிறந்தது!

அந்தக் காலத்துக் கார்களில் செல்ஃப் எடுக்காவிட்டால் முன்பக்கம் ஓர் இரும்புக் கம்பியை நுழைத்துக் கையால் சுற்றலாம். அதில் ஆபத்தும் உண்டு. என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைத்தால் மணிக்கட்டு முறியும். இந்தத் தொல்லையை நீக்கியவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். கடைகளில் பணம் போடும் மிஷினுக்கு மின்சார மோட்டார் பொருத்தியவர் அவர். "கல்லாப் பெட்டிக்கு மோட்டார் நாள் முழுவதும் சுற்ற வேண்டாம், ஒரு நொடி பலமாகச் சுற்றினால் போதும்" என்ற அதே யுக்தியைக் காரிலும் செய்து பார்த்தார். 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் செல்ஃப் ஸ்டார்டர் வந்தது. பெண்கள் தனியாகக் கார் எடுத்துப் போவதற்கு வழி திறந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன்பு, பெட்ரோல் காரிலேயே பெரும் பணம் சேர்த்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா அம்மையார்கூடப் பாட்டரியால் ஓடும் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரைத்தான் விரும்பி வைத்துக்கொண்டார் என்றால் பாருங்களேன்!

கெட்டரிங்கின் யுக்தியிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் சில நொடி வேலைக்கென்றே செய்யப்பட்டது. ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் சாவியைத் திருப்பிப் பிடிக்காதீர்கள். ஒரு நிமிஷமாவது ஆறவிட்டு மறுபடி பாருங்கள். கோபத்தில் திருப்பிக்கொண்டே இருந்தால் நல்ல மோட்டாரும் வெந்துபோகும், நல்ல பாட்டரியும் தீர்ந்துபோகும்.

களிம்பு செய்த வேலை

பெரியவர் வண்டிக்கு அடியில் கையை விட்டு, ஒரு சாண் நீளப் பட்டை ஒன்றைக் கழற்றி எடுத்தார். தாமிரக் கம்பிகளைப் பின்னிய பட்டை. காரின் உடலையும் என்ஜினையும் இணைப்பது. எர்த் ஒயர் என்பார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. போல்ட் போடும் முனையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

"உங்க வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பீங்களே, அதே களிம்புதாம்மா" என்றார்.

விஷயம் இதுதான். பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் வேலையை முடித்துக்கொண்டு பாட்டரிக்கே திரும்பி வந்தாக வேண்டும். போகிற வழி ஒயர். திரும்புகிற வழி காரின் இரும்பு உடம்பு. முன்விளக்கின் மின்சாரம் உடம்பு வழியாக நேரே பாட்டரியின் மைனஸுக்குப் போய்விடும். செல்ஃப் மோட்டாரோ என்ஜினோடு ஒட்டியிருக்கிறது. என்ஜின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. ஆகவே அதன் மின்சாரம் வீடு திரும்ப இந்தத் தாமிரப் பட்டை ஒன்றுதான் பாலம்.

பாலத்தில் களிம்பு ஏறினால்? கொஞ்ச மின்சாரம் போகும், நிறையப் போகாது. அடைத்த குழாயைத் திறந்தால் தம்ளர் நிரம்பும், குடம் நிரம்பாது அல்லவா? அப்படித்தான். செல்ஃப் மோட்டாரின் தலையில் ஒரு சின்ன காந்த ஸ்விட்ச் இருக்கிறது. சோலனாய்டு என்பார்கள். அது இழுக்கும் சத்தம்தான் "டிக்". அதற்குக் கொஞ்ச மின்சாரமே போதும். மோட்டார் சுற்றுவதற்கோ சின்னக் காரில்கூட 100, 150 ஆம்பியர் வேண்டும். நம் வீட்டு மிக்ஸி இழுப்பது 2, 3 ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! களிம்பு ஏறிய பட்டையில் ஓர் ஓமில் ஐந்தில் ஒரு பங்கு தடை இருந்தாலும் போதும். 10 ஆம்பியருக்கு 2 வோல்ட்தான் அதில் வீணாகும். சோலனாய்டு "டிக்" என்று வேலை செய்துவிடும். 100 ஆம்பியர் கேட்டால் 20 வோல்ட் வீணாக வேண்டும். பாட்டரியில் இருப்பதே 12 வோல்ட்! மோட்டார் என்ன செய்யும், பாவம்?

இப்போது அந்தச் சுவர் வெளிச்சத்தின் அர்த்தம் விளங்கியிருக்குமே! பாட்டரி பலவீனமாக இருந்தால், செல்ஃப் மோட்டார் மின்சாரத்தை வாரி இழுக்கும்போது விளக்கு மங்கும். விளக்கு மங்கவே இல்லையென்றால் மோட்டார் மின்சாரத்தை இழுக்கவே இல்லை. அப்படியானால் வழியில் எங்கோ அடைப்பு. கறுப்பு ஒயரை மைனஸுக்கும் என்ஜினுக்கும் குறுக்கே போட்டது ஒரு தற்காலிகப் பாலம். பாலம் போட்டதும் கிளம்பியதால், அடைப்பு திரும்பும் வழியில் என்று தீர்ந்துபோயிற்று. கிளம்பாமல் இருந்திருந்தால் அப்போது செல்ஃப் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். எவ்வளவு நியாயமான விசாரணை!

பெரியவர் இதை மீட்டர் வைத்தும் காட்டினார். களிம்புப் பட்டையைத் திரும்ப மாட்டி, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரி மைனஸிலும் மறுமுனையை என்ஜினிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். 9 வோல்ட்! புதுப் பட்டை போட்ட பிறகு அதே இடத்தில் ஒரு வோல்டில் பத்தில் ஒரு பங்கு. அரை வோல்டுக்கு மேல் போனாலே எர்த்தைக் கவனிக்க வேண்டும் என்றார்.

புதுப் பட்டைக்கும் கூலிக்கும் சேர்த்து அவர் வாங்கியது 350 ரூபாய்.

"அப்போ புது பாட்டரி போட்டதும் ரெண்டு வாரம் எப்படி ஓடிச்சுங்க?" என்று அண்ணன் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. வேலை செய்கிற கைகள் அங்கே இங்கே அசைத்ததில் களிம்பு கொஞ்சம் விலகி வழிவிட்டிருக்கும். கடற்காற்று மறுபடி வேலையைக் காட்டிவிட்டது என்றார்.

கல்லையே தின்னும் உப்பு

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தனிக் கவலை. காற்றில் வரும் உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் தாமிரமும் இரும்பும் வெகு சீக்கிரம் அரிக்கும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையே பாருங்கள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அத்தனை கெட்டியான கல்லிலும் உப்புக் காற்று சிற்பங்களின் முகத்தை மழுக்கிவிட்டது. அதைத் தடுக்கத் தொல்பொருள் துறையினர் சவுக்குத் தோப்பு வளர்த்திருக்கிறார்கள். காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, உள்ளே ஊறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். கல்லுக்கே இவ்வளவு சிகிச்சை வேண்டியிருக்கிறதென்றால், ஒரு சாண் தாமிரப் பட்டை எம்மாத்திரம்?

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடியிருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தரமாவது பாட்டரி முனைகளையும் எர்த் பட்டைகளையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்வது நல்லது.

சத்தத்தைக் கேளுங்கள், விளக்கைப் பாருங்கள்

பெரியவர் சொன்னதை ஒழுங்குபடுத்தித் தருகிறேன். கத்தரித்துக் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை: பாட்டரி அடியோடு தீர்ந்திருக்கும், அல்லது அதன் முனையில் ஒயர் கழன்றிருக்கும். பானெட்டைத் திறந்து அந்த முனைகளைக் கையால் லேசாகத் திருகிப் பாருங்கள். அசைந்தால் அதுவே கோளாறு. இரவில் உள்விளக்கை அணைக்க மறந்தீர்களா என்றும் யோசியுங்கள்.

2. விளக்கு நன்றாக எரிகிறது, சத்தமே இல்லை: ஆட்டோமாடிக் வண்டியானால் கியர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருக்கிறதா? கியர் மாற்றும் வண்டியானால் கிளச்சை முழுக்க மிதித்தீர்களா? பல வண்டிகளில் இவை இல்லாமல் செல்ஃப் எடுக்காது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியில், சாவிக்குள் இருக்கும் சின்னப் பாட்டரி தீர்ந்திருக்கலாம். அநேக வண்டிகளில் சாவியை அந்தப் பொத்தானோடு ஒட்ட வைத்து அழுத்தினால் கிளம்பிவிடும். இதெல்லாம் சரியென்றால் ப்யூஸ், ரிலே பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

3. "டக டக டக" என்று பல தரம் அடிக்கிறது, விளக்கு மங்கி மங்கி வருகிறது: பெரும்பாலும் பாட்டரியில் சக்தி குறைவு. பக்கத்து வண்டியின் பாட்டரியிலிருந்து கடன் வாங்கிக் கிளப்பலாம்.

4. ஒரே "டிக்", விளக்கு அணைந்தே போகிறது: பாட்டரியின் முனையில் களிம்பு, அல்லது பாட்டரியே மூப்படைந்துவிட்டது.

5. ஒரே "டிக்", விளக்கு மங்கவில்லை: எங்கள் கதைதான். எர்த், அது சரியாக இருந்தால் செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டு.

6. என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை: பாட்டரியையும் செல்ஃபையும் குறை சொல்லாதீர்கள். பெட்ரோல் இருக்கிறதா? டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னுகிறதா? மின்னினால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வேறு சாவி இருந்தால் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் பம்பின் ப்யூஸ் போயிருக்கலாம். ப்யூஸ் மாற்றும்போது அதே ஆம்பியர் உள்ளதையே போடுங்கள். ஒயரையோ ஜிகினாத் தாளையோ சுற்றி வைத்தால் வண்டியே தீப்பிடிக்கும்.

ஆட்டோமாடிக் வண்டியைத் தள்ளிக் கிளப்ப முடியாது என்பதையும் பால்காரர்களுக்குச் சொல்லி வையுங்கள்! இப்போது வந்திருக்கும் எலெக்ட்ரிக் கார்களிலும், ஓட்டுவதற்கான பெரிய பாட்டரியைத் தவிரச் சின்ன 12 வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்தால் பெரிய பாட்டரி நிரம்பியிருந்தும் வண்டி விழிக்காது. ஓமத்திரமான அந்த வண்டிகளிலும் ஹைப்ரிட் வண்டிகளிலும் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் ஒயர் போடாதீர்கள்.

கடன் மின்சாரம் வாங்கும் முறை

இதில் வரிசை முக்கியம். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டும் அணைந்திருக்க வேண்டும். முதலில் சிவப்பு ஒயரை உங்கள் பாட்டரியின் ப்ளஸில் மாட்டுங்கள். அதன் மறுமுனை உதவ வந்த வண்டியின் ப்ளஸில். பிறகு கறுப்பு ஒயர் அந்த வண்டியின் மைனஸில். கடைசி முனையை உங்கள் பாட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி என்ஜினின் கெட்டி இரும்பில் மாட்டுங்கள். கடைசி முனையில் பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். பொறி பட்டால் வெடிக்கும். அதற்காகத்தான் தள்ளி மாட்டச் சொல்வது. உதவிக்கு வந்த வண்டியைக் கிளப்பி, சில நிமிஷம் கழித்து உங்கள் வண்டியைக் கிளப்புங்கள். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை. ப்ளஸ், மைனஸ் மாறினால் வண்டியின் எலெக்ட்ரானிக் மூளை போய்விடும். அதன் விலை பாட்டரியைப் போலப் பல மடங்கு.

களிம்பு நீக்க

முதல் காரியம், கைவளை, மோதிரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். தங்க வளையல் இரண்டு முனைக்கும் நடுவே பட்டால் நொடியில் பழுத்துவிடும், மணிக்கட்டு வெந்துபோகும். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது.

வண்டியை அணைத்து, மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள், பிறகு ப்ளஸ். வெந்நீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் வெள்ளைப் பூப்பு நுரைத்துக்கொண்டு போகும். பாட்டரியின் மூடிக்குள் சோடாத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈயம் பளபளக்கும் வரை உப்புக் காகிதத்தால் தேய்த்து, துடைத்து, உலர்த்துங்கள். மாட்டும்போது ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் உப்புக் காற்று உள்ளே போகாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயமும் அமிலமும் அடுப்பங்கரைக்கு வரக் கூடாது. தண்ணீர் விடும் பாட்டரியானால் டிஸ்டில்ட் வாட்டர்தான் விட வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது.

மூன்று எண்கள்

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கிறது. வீட்டு வேலைக்கும் உதவும். வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு பாட்டரியின் இரு முனையிலும் வைத்தால் 12.6 வோல்டு இருந்தால் நிரம்பியிருக்கிறது. 12-க்கு இறங்கினால் ஏறக்குறையக் காலி. சாவியைத் திருப்பும் நேரத்தில் 10 வோல்டுக்குக் கீழே வெகுவாகச் சரிந்தால் பாட்டரியைச் சோதிக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8-இலிருந்து 14.5 வரை காட்டும். ஓடும்போதும் 12-இலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. எத்தனை புது பாட்டரி போட்டாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். ஓடுகிற வண்டியில் டாஷ்போர்டில் சிவப்பாகப் பாட்டரிப் படம் எரிந்தாலும் இதே சந்தேகந்தான்.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவசரத்தில் ஊகம் செய்துவிடுகிறார்கள். ஊகத்துக்கு நாம் பணம் கட்டுகிறோம். அதனால் அடுத்த முறை "பாட்டரி போச்சு" என்றால் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். "பாட்டரியை லோடு போட்டுப் பார்த்தீங்களா, எத்தனை வோல்ட் காட்டிச்சு?" "ஓடும்போது சார்ஜ் எவ்வளவு வருது?" "எர்த் பார்த்தாச்சா?" காரைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரிய வேண்டுமென்பதில்லை. இந்த மூன்றைக் கேட்டாலே, எதிரில் இருப்பவர் மீட்டரைக் கையில் எடுப்பார்.

பதினொன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனோம். அண்ணி களைத்துப்போய் வெளியே வந்தாள். விஷயத்தைச் சொன்னோம். பழைய பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு மிஷின் வச்சு உடம்பைச் சுத்தம் பண்றாங்க. இதுக்கும் அதேதான் வேணும்போல இருக்கு" என்று சிரித்தாள். "டாக்டரும் முதல்லே எனக்கு வேறே என்னென்னவோ மாத்திரை கொடுத்துப் பார்த்தாரே, அது மாதிரி."

அண்ணன் மகள் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே கிளம்பிற்று. இப்போது அவள் கார் டிக்கியில் ஒரு ஜம்பர் கேபிள், ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர், ஒரு டார்ச், நாலு ப்யூஸ், ஒரு மீட்டர் இருக்கின்றன. வியாழக்கிழமை விடியற்காலை அவள் வீட்டுச் சுவரில் வெளிச்சம் விழுவதைப் பார்த்தால், எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "என்னம்மா, மங்குதா, மங்கலையா?" என்று கேட்கிறாராம்!